‘ஃபுல் கவர்தான் சார்’ என்றார்கள், பேட்டரிக்கு மட்டும் இல்லையாம்

எலக்ட்ரிக் கார் எடுக்க அட்வான்ஸ் கட்டியிருப்பவர்கள், மிச்சப் பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 2 லட்சத்து 43 ஆயிரம் ரூபாய் கையை விட்டுப் போயிருக்கிறது. ஷோரூம் பெயரையும் இன்சூரன்ஸ் கம்பெனி பெயரையும் போடவில்லை. புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

நான் பாலக்கோடு. வேலை ஓசூர் சிப்காட்டில். ராயக்கோட்டை வழியாகத் தினமும் போய் வர நூறு கிலோமீட்டர் ஆகிவிடும். பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகவில்லை. பேட்டரி வண்டிக்குத் தமிழ்நாட்டில் ரோடு டாக்ஸ் இல்லை, ஜிஎஸ்டியும் 5 சதவீதம்தான் என்று கணக்குப் போட்டு, 2025 ஏப்ரலில் 11 லட்சத்து 60 ஆயிரம் எக்ஸ் ஷோரூம் விலையில் ஒரு வண்டியை முடிவு செய்தேன். அந்தக் கணக்கில் இன்சூரன்ஸை நான் சேர்க்கவே இல்லை. பழைய பெட்ரோல் காருக்குக் கட்டியதைவிட இரண்டாயிரம் மூவாயிரம் கூட வரும் என்று நினைத்திருந்தேன்.

ஆன்ரோடு விலைச் சீட்டில் இன்சூரன்ஸ் என்று எழுதியிருந்தது 72,563 ரூபாய். ‘ஏன் சார் இவ்வளவு?’ என்றேன். ‘இவி என்றால் அப்படித்தான் சார், பேட்டரி விலை ஜாஸ்தி இல்லையா, ஃபுல் கவர் போட்டிருக்கோம்’ என்றார் சேல்ஸ் பையன். அவர் சொன்னதில் பாதி உண்மை. வண்டி விலையில் பெரும்பங்கு பேட்டரிக்கே போகிறது. அதனால் ஐடிவி (இன்சூரன்ஸில் வண்டிக்குப் போடும் மதிப்பு) ஏறுகிறது, அதை வைத்துப் போடும் ஓன் டேமேஜ் பிரீமியமும் (நம் வண்டிக்கே ஆகும் சேதத்துக்கானது) ஏறுகிறது. அடிபட்டால் திறந்து ரிப்பேர் பார்க்க நம் பக்கம் ஆளும் கிடையாது. முழுசாக மாற்றத்தான் சொல்வார்கள்.

மீதிப் பாதி என்ன என்பது அன்று ராத்திரி தெரிந்தது. வெளியே அதே வண்டிக்கு, அதே ஐடிவிக்கு ஒரு கொட்டேஷன் வாங்கினேன். பேட்டரி கவரும் சேர்த்து 48,255. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தேர்டு பார்ட்டி (நம் வண்டியால் மற்றவர்களுக்கு ஆகும் பாதிப்புக்கானது) இரண்டிலும் 9,044தான். அது அரசு நிர்ணயித்த தொகை, எந்தக் கம்பெனியிலும் மாறாது. புது காருக்கு மூன்று வருஷத்துக்குச் சேர்த்து வாங்குவார்கள். 30 முதல் 65 கிலோவாட் வரையான எலக்ட்ரிக் காருக்கு அந்த விலை. இங்கே பார்ப்பது மோட்டாரின் கிலோவாட்டை. பேட்டரியின் கிலோவாட் ஹவரோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள், நானும் குழம்பினேன். ஆக வித்தியாசம் எங்கே? பெரும்பாலும் ஓன் டேமேஜில். வெளியே 14,600, ஷோரூமில் 32,400. வெளியே கம்பெனி கொடுக்கும் தள்ளுபடி ஷோரூம் சீட்டில் கண்ணிலேயே படவில்லை. இதெல்லாம் போக, மொத்தத்துக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி. காருக்கு 5, அதன் இன்சூரன்ஸுக்கு 18!

மறுநாள் போய், ‘நான் வெளியே போட்டுக்கொள்கிறேன்’ என்றேன். மேனேஜரே வந்துவிட்டார். ‘அப்போ 20 ஆயிரம் டிஸ்கவுண்ட் வராது சார், டெலிவரியும் தள்ளிப் போகும், க்ளெய்ம் வந்தால் கேஷ்லெஸ் கிடைக்காது’ என்றார். இன்சூரன்ஸை எங்கே எடுப்பது என்பது வாங்குகிறவன் விருப்பம், டீலர் கட்டாயப்படுத்தக் கூடாது என்று இன்சூரன்ஸ் துறையைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ 2017இலேயே விதி போட்டிருக்கிறது. அது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் வீட்டில் நல்ல நாள் பார்த்து வைத்திருந்தார்கள், பணிந்திருப்பேன். சரி, 24 ஆயிரம் அதிகம் போனாலும் கவர் முழுசாக இருக்கட்டும் என்று ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன்: பேட்டரிக்கும் தண்ணீர் புகுந்தாலும் கவர் உண்டா?

அப்படிக் கேட்டதற்குக் காரணம் என் மச்சான். அவர் ஊத்தங்கரை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை அங்கே ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியதே, ரோட்டோரம் நின்ற வண்டிகளை ஏரித் தண்ணீர் உருட்டிக்கொண்டு போனதை டிவியில் பார்த்திருப்பீர்கள். மச்சானின் பெட்ரோல் கார் அடித்துக்கொண்டு போகவில்லை, ஆனால் இன்ஜினுக்குள் தண்ணீர். இன்ஜின் கவர் தனியாக எடுக்கவில்லை என்று க்ளெய்மைத் தள்ளிவிட்டார்கள். அந்தப் பயம் எனக்கு.

சேல்ஸ் பையன் சீட்டின் ஓரத்தில் பேனாவால் ‘ஃபுல் கவர் + பேட்டரி’ என்று எழுதிக் கொடுத்தார். சீல் இல்லை, கையெழுத்து இல்லை. டெலிவரி அன்று பூஜை முடிந்து எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றப் போகும் நேரம், ‘சார், ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க, டெலிவரி என்ட்ரிக்கு’ என்றார். சொன்னேன். அது டெலிவரிக்கான ஓடிபி இல்லை. இன்சூரன்ஸ் விண்ணப்பத்தில் இருப்பதெல்லாம் சரி என்று நான் ஒப்புக்கொண்டதற்கான ஓடிபி. பாலிசி பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் வந்தது. நான் திறக்கவில்லை. இந்தத் தப்பு முழுக்க என்னுடையது.

நவம்பரில் ஒரு நாள் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வரும்போது, ராயக்கோட்டை தாண்டி, ஜல்லி லாரியிலிருந்து விழுந்திருந்த கல் ஒன்று அடியில் இடித்தது. பெரிய சத்தம் கூட இல்லை. இரண்டு கிலோமீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்து வண்டி நின்றுவிட்டது. டோ செய்து ஓசூர் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால், பேட்டரிப் பெட்டியின் அடித்தகடு நசுங்கியிருக்கிறது, பேக்கை முழுசாக மாற்றணும் என்று 4 லட்சத்து 86 ஆயிரத்துக்கு எஸ்டிமேட். ‘8 வருஷ வாரண்டி இருக்கே?’ என்றேன். வாரண்டி தயாரிப்புக் கோளாறுக்கு மட்டும், வெளியே அடிபட்டதற்கு வராது என்றார்கள். அது நியாயம்தான்.

சேதத்தை மதிப்பிட வந்த இன்சூரன்ஸ் சர்வேயர் நல்ல மனிதர். பாலிசியை விரித்து வைத்து விரலால் காட்டினார். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் பணம் கொடுக்கும் கவர்) இருக்கிறது, ரோடு அசிஸ்டன்ஸ் இருக்கிறது, சாவி தொலைந்தால் கவர் இருக்கிறது, டயர் கவர் கூட இருக்கிறது. பேட்டரி ஆட்-ஆன், அதாவது பேட்டரிக்கென்று தனியாகச் சேர்க்கும் கவர், இல்லை. ‘இந்த பாலிசியில் ஜீரோ டெப்பிலிருந்து பேட்டரியை விலக்கியிருக்காங்க சார். பேட்டரிக்குத் தேய்மானம் 50 சதவீதம்’ என்றார். பாதி அவர்கள், பாதி நான்.

ஷோரூமுக்குப் போனால் அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டாராம். மேனேஜர் அந்தப் பேனா எழுத்தைப் பார்த்துவிட்டு, ‘இது கம்பெனி டாக்குமெண்ட் இல்லையே சார்’ என்றார். சாவி கவருக்கும் டயர் கவருக்கும் என்னிடம் காசு வாங்கியிருக்கிறார்கள். நான் கேட்டது அந்த இரண்டுமே இல்லை.

இப்படி மாட்டியவர்களுக்கு, நான் போய்க்கொண்டிருக்கும் வழி இது: முதலில் இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார். நான் ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலும் பதிந்தேன், 155255க்குப் போன் செய்தும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனுக்கு (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். ஒரு வருஷத்துக்குள் போய்விட வேண்டும். கம்பெனி எனக்கு அனுப்பிய பதில் ஒரே வரி: ‘வாடிக்கையாளர் ஓடிபி மூலம் ஒப்புதல் அளித்துள்ளார்.’ அதையும் பேனா எழுத்துச் சீட்டின் போட்டோவையும் வாட்ஸ்அப் உரையாடலையும் சேர்த்து ஓம்புட்ஸ்மேனுக்கு அனுப்பியிருக்கிறேன். விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறேன்.

இதற்கிடையில் ரினியூவல் வந்துவிட்டது. க்ளெய்ம் எடுத்ததால் 20 சதவீத நோ க்ளெய்ம் போனஸும் (க்ளெய்ம் எடுக்காதவர்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போச்சு. போன வாரம் அதே ஷோரூமிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். ‘சார், உங்க பாலிசி முடியப் போகுது, ஃபுல் கவர் போட்டுடலாமா?’

‘பேட்டரி கவர் என்று அச்சில் இருக்கும் கொட்டேஷனை மெயிலில் அனுப்புங்கம்மா, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’ என்றேன். இன்றுவரை மெயில் வரவில்லை.