புத்தர் வயிறா, மஞ்சள் மூங்கிலா?

இரண்டுமே புதராக நிற்கும் மூங்கில் வகைகள்தான், வேர் ஓடிப் பக்கத்து வீட்டில் முளைக்காது.

இடம்: பச்சைக்கோடு போட்ட மஞ்சள் மூங்கில் 30 அடியைத் தாண்டும், மதில் ஓரம் வேண்டாம். புத்தர் வயிறு தொட்டியிலேயே அடங்கும்.

தண்ணீர்: மஞ்சளுக்குத் தாராளமாக விடலாம். மற்றதற்குக் கை இறுக்கம் வேண்டும். அதன் தண்டு கணுக்களுக்கு நடுவே குடம்போல் உப்புவது வேருக்கு இடமும் தண்ணீரும் குறைந்தால்தான். தரையில் நட்டு ஊட்டி வளர்த்தால் சாதாரண மூங்கிலாக நெட்டென்று போய்விடும், அப்புறம் நர்சரிக்காரரைத் திட்டிப் பயனில்லை.

செலவு: மஞ்சளில் முற்றிய கழியை இரண்டு கணு வைத்து வெட்டிப் புதைத்தாலே துளிர்க்கும், காசே வேண்டாம். குருத்து உறையின் கரும்பழுப்புச் சுணை பட்டால் மட்டும் அரிக்கும்.

தெருப்பக்கம் மறைப்பு வேண்டும், இடமும் இருக்கிறது என்றால் மஞ்சள். மொட்டைமாடிக்குப் புத்தர் வயிறு. பந்தல் போடக் கழி வேண்டுமா? மஞ்சளை நம்ப வேண்டாம், மாவுச்சத்து அதிகம், வண்டு துளைத்துவிடும்.