ஃப்ரீடாஸின் டீபக்: முதல் புரோகிராமுக்கு இதுவே போதும்

பழைய பிசிகளின் இயங்குதளமான டாஸுக்குப் புரோகிராம் எழுத ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் நேராக டர்போ சி என்ற பழைய சி கம்பைலர் பக்கம் போகிறார்கள். நான் சிபாரிசு செய்வது, டாஸின் இலவச மறுவடிவமான ஃப்ரீடாஸோடு வரும் டீபக்கை; இயந்திரக் கட்டளைகளை நேரடியாக எழுதி ஓட்டிப் பார்க்க உதவும் சிறு கருவி அது. ஜிம் ஹால் 1994-இல் தொடங்கிய ஃப்ரீடாஸ் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. கணினிக்குள் இன்னொரு கணினியைப் போலி செய்யும் எமுலேட்டரான க்யூஇஎம்யூவில் நிறுவினால் பழைய கணினி தேட வேண்டாம்.

டீபக்கைத் திறந்தால் ஒரு சிறு கோடு மட்டும் காத்திருக்கும். மெனு கிடையாது, எடிட்டர் கிடையாது. 'ஏ 100' என்று அடித்து, வரிக்கு ஒன்றாக எழுதுங்கள்: மூவ் ஏஹெச்,2 – மூவ் டிஎல்,41 – இன்ட் 21 – இன்ட் 20. வெறும் என்டர் தட்டிவிட்டு 'ஜி' கொடுத்தால் ஆங்கில 'ஏ' திரையில் வந்து நிற்கும். எண்கள் எல்லாம் ஹெக்ஸ், அதாவது 16-ஐ அடிப்படையாகக் கொண்டவை. மொத்தப் புரோகிராமே 8 பைட்தான்! எந்த நூலகமும் இதற்குள் ஒளிந்திருக்கவில்லை; நீங்கள் எழுதியது மட்டுமே ஓடுகிறது.

ஏன் 100-இலிருந்து? காம் என்ற எளிய வகைப் புரோகிராம் கோப்பை ஏற்றும்போது முதல் 256 பைட்டை (ஹெக்ஸில் 100) டாஸ் தன் குறிப்புகளுக்கு எடுத்துக்கொள்கிறது. கட்டளை வரியில் நீங்கள் தட்டியவைகூட அங்கே 80-இல் கிடக்கும், எட்டிப் பார்க்கலாம். டிரேஸ் கொடுத்து வரிவரியாக நகர்த்தினால் ஏஹெச், டிஎல் போன்ற ஒவ்வொரு ரெஜிஸ்டரும் (பிராசசருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) மாறுவது கண்ணெதிரே தெரியும். டாஸை வேலைக்கு அழைக்கும் இன்ட் 21-ஐ மட்டும், அதற்குள் நுழையாமல் இருக்க, புரொசீட் கொடுத்துத் தாண்டிவிடுங்கள். இவ்வளவு வெளிப்படையாக இயந்திரத்தைக் காட்டும் கருவி தொடக்கநிலையில் வேறு எனக்குத் தெரியாது.

குறை இல்லாமல் இல்லை. ஒரு வரிக்குப் பெயர் வைத்து அழைக்கும் லேபிள் வசதி கிடையாது. தாவ வேண்டிய முகவரியை நீங்களே கணக்கிட வேண்டும். நடுவில் ஒரு வரி செருகினால் பின்னால் உள்ள முகவரிகள் அத்தனையும் நகர்ந்துவிடும். சேமிக்க சிஎக்ஸ் ரெஜிஸ்டரில் நீளத்தை வைத்து, பிஎக்ஸ் ரெஜிஸ்டர் பூஜ்யமா என்று பார்த்து, பெயர் கொடுத்த பிறகே ரைட் கட்டளை. அந்தக் கட்டளைக்கு டிரைவ், செக்டர் எண்களைச் சேர்த்துக் கொடுத்தால் டிஸ்க் செக்டரிலேயே நேரடியாக எழுதிவிடும். எமுலேட்டரில் பழகச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

புரோகிராம் ஒரு திரைக்கு மேல் நீண்டால் டீபக்கோடு மல்லுக்கட்டாதீர்கள். கோப்பில் எழுதியதை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் அசெம்பிளரான நாஸ்முக்கு மாறுங்கள்: முதல் வரியில் 'ஆர்க் 100ஹெச்', ஹெக்ஸ் எண்களுக்குப் பின்னால் ஒரு 'ஹெச்', மற்றபடி கற்றது பெரும்பாலும் அப்படியே செல்லும். சி மொழிதான் வேண்டும் என்றால் ஓப்பன் வாட்காம் கம்பைலர் நல்லது. லினக்ஸிலோ விண்டோஸிலோ இருந்தபடியே டாஸ் கோப்பை உருவாக்கித் தரும்.