இளைப்புக்கு மாத்திரையா, நெபுலைசரா, பம்பா?

பட்டுக்கூடு எடுக்கும் வாரம் வந்தால் அம்மாவுக்கு இளைப்பும், அதாவது ஆஸ்துமா மூச்சுத்திணறலும், வந்துவிடும். பாலக்கோடு பக்கம் புழு மனை வைத்திருக்கிற வீடுகளுக்கு இது புதிதில்லை. மனையைக் கழுவும் பிளீச்சிங் பவுடரின் நெடி, புழுப் படுக்கையில் தூவும் சுண்ணாம்பு, கூட்டிலிருந்து பறக்கும் தூசு என மூன்றுமே மூச்சுக்குழாயைக் கிளறிவிடக் கூடியவை. போன மாசியில் ஒரு ராத்திரி அம்மா கட்டிலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு மூச்சுக்குத் தவித்தபோது வீட்டில் மூன்று யோசனை வந்தது. "டவுனுக்குப் போய் ஒரு ஊசி போட்டுட்டு மாத்திரை வாங்கிட்டு வந்துடலாம்" என்றார் அப்பா. மருந்தைப் புகையாக்கித் தருகிற நெபுலைசர் மிஷினை வீட்டுக்கே வாங்கிவிடுவோம் என்றார் மாமா. நான் பம்பை, அதாவது வாயில் வைத்து இழுக்கும் இன்ஹேலரை, எடுத்தேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா என் கையைப் பிடித்துவிட்டார். "பம்பு புடிச்சா பழகிடும் கண்ணு, அப்புறம் சாகற வரைக்கும் விடாது."

அந்த மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உள்சுவர் வீங்குகிறது, சளி அடைக்கிறது. இறுக்கத்தைத் தளர்த்த சால்பியூட்டமால், வீக்கத்தைக் குறைக்க பியூடிசோனைடு போன்ற ஒரு ஸ்டீராய்டு. மாத்திரை, மிஷின், பம்பு எதுவானாலும் உள்ளே போவது பெரும்பாலும் இந்த இரண்டு வகை மருந்துதான். எந்தப் பாதையில் போகிறது என்பதில்தான் எல்லா வித்தியாசமும் இருக்கிறது.

முதலில் மாத்திரை. சால்பியூட்டமால் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம் என்றால் பம்பில் ஓர் அழுத்துக்கு வருவது 100 மைக்ரோகிராம். அதாவது ஒரு மாத்திரையில் இருப்பது 40 அழுத்து மருந்து. வயிற்றில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் அது நுரையீரலுக்கு வருகிறது. கை நடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் அதனால்தான். பம்பு மருந்து சில நிமிடங்களில் வேலையைத் தொடங்கிவிடும், மாத்திரைக்கு அரைமணி நேரமாவது காத்திருக்க வேண்டும். மூச்சு முட்டும்போது அரைமணி என்பது எவ்வளவு நீளம் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஸ்டீராய்டில் இடைவெளி இன்னும் பெரிது. கடுமையான இளைப்புக்குப் பெரியவர்களுக்கு பிரெட்னிசோலோன் மாத்திரை நாளுக்கு 40 மில்லிகிராம் அளவில் கொடுப்பார்கள். தினசரித் தடுப்புக்கான பம்பில் பியூடிசோனைடு 200 மைக்ரோகிராமில் தொடங்கும். வேறு வேறு மருந்துகள்தான், இருந்தாலும் எடையில் 200 மடங்கு வித்தியாசம். ஆபத்தான நேரத்தில் ஐந்தாறு நாளைக்கு டாக்டர் எழுதித் தரும் மாத்திரையை வேண்டாம் என்று சொல்லக் கூடாது, அது உயிரைக் காப்பாற்றும். ஆனால் அம்மாவுக்கு ஒரு கிளினிக்கில் வருஷக்கணக்காக ஊசியும், பெயர் எழுதாத பொட்டலத்தில் சின்ன வெள்ளை மாத்திரைகளும் கொடுத்து வந்தார்கள். முகம் உருண்டு வீங்கியது, சர்க்கரை ஏறியது. என்ன மாத்திரை என்று கேட்காமல் விட்டோமே என்று இன்றும் எனக்கு ஆறவில்லை.

பெரியம்மா சொன்ன 'பழகிவிடும்' என்ற பயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் தின்றால், உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும், அதைத் திடீரென்று நிறுத்துவதே ஆபத்து. உடம்பு பழகிப்போவது அங்கேதான். குறைந்த அளவு பம்பு மருந்தில் அந்தச் சிக்கல் வருவது அபூர்வம். பம்பை நிறுத்தினால் இளைப்பு திரும்புகிறது என்றால், நோய் உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து நெபுலைசர். புகை புகையாக வருவதைப் பார்த்தாலே ஒரு நம்பிக்கை பிறக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் புகையில் பெரும்பகுதி காற்றோடு போகிறது. 2.5 மில்லிகிராம் மருந்து ஊற்றிப் பத்து நிமிடம் பிடித்துக் கிடைப்பதை, ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் குடுவையில் பம்பைச் செருகிச் சில அழுத்துகளில் பெற்றுவிடலாம். இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு, உயிருக்கு ஆபத்தில்லாத இளைப்பில் ஸ்பேசர் எந்த விதத்திலும் குறைந்ததல்ல என்றும், குழந்தைகள் அவசரப் பிரிவில் இருக்கும் நேரம் குறைகிறது என்றும் சொல்கிறது. எங்களுக்கோ இன்னொரு கணக்கும் உண்டு. மிஷினுக்குக் கரண்ட் வேண்டும், குப்பியையும் மாஸ்க்கையும் தினம் கழுவிக் காயவைக்காவிட்டால் கிருமி சேரும். அஞ்செட்டி மலைப்பாதையில் பஸ்ஸில் போகும்போது இளைப்பு வந்தால் மிஷினை எங்கே செருகுவது? பம்பும் ஸ்பேசரும் மஞ்சப்பையில் அடங்கும். பேச்சே வராத அளவுக்குத் திணறினால், உதடு நீலம் பாய்ந்தால், எதையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை சால்பியூட்டமால் பம்பை ஸ்பேசரில் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

பம்பிலேயே இரண்டு வகை. கேப்சூல் போட்டு உறிஞ்சும் கருவி விலை மலிவு, அழுத்துவதையும் இழுப்பதையும் ஒன்றுசேர்க்கும் தொல்லையும் இல்லை. ஆனால் மூச்சை வேகமாக, பலமாக இழுத்தால்தான் பொடி உள்ளே போகும். திணறும் நேரத்தில் அந்தப் பலம் எங்கிருந்து வரும்? சின்னக் குழந்தைகளுக்கும் ஆகாது. அழுத்தும் பம்புக்கு நேர்மாறாக மெதுவாக, ஆழமாக இழுத்து, பத்து எண்ணும்வரை மூச்சை நிறுத்த வேண்டும். இந்த இரண்டையும் மாற்றிச் செய்பவர்கள்தான் அதிகம், அப்புறம் "பம்பு வேலை செய்யல" என்று மூலையில் போட்டுவிடுகிறார்கள். ஸ்பேசர் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். அதை சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் அப்படியே காயவிடுங்கள், துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. இளைப்பு வரும்போது மட்டும் சால்பியூட்டமால் அடித்துக் காலத்தை ஓட்டுவது போதாது என்று ஆஸ்துமா வழிகாட்டுதல் வெளியிடும் உலக அமைப்பான ஜினா 2019-ல் சொல்லிவிட்டது. அது இறுக்கத்தைத் தளர்த்தும், வீக்கத்தைத் தொடாது. ஸ்டீராய்டு பம்பும் சேர்ந்தே ஆக வேண்டும். அடித்து முடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லையென்றால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை படரும்.

வேலியோர ஆடாதோடையைப் பற்றியும் கேட்பார்கள். சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் அதிலுள்ள வாசிசின் என்ற பொருளிலிருந்து உருவானதுதான். சளிக்குச் சரி, இளைப்புக்குப் பம்பின் இடத்தில் வைக்க முடியாது.

அம்மாவுக்கு இப்போது காலை, இரவு ஸ்டீராய்டு பம்பு, ஸ்பேசரோடு. கூடு எடுக்கும் நாளில் மூக்கைக் கட்டிக்கொள்கிறார். இதைப் பார்த்துவிட்டு, பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறையில் கல் அறுக்கும் சித்தப்பா மகன், அவனுக்கும் மூச்சு வாங்குகிறது, இந்த மூன்றில் எதை வாங்கலாம் என்று கேட்டான். கல்தூசியால் வரும் சிலிகோசிஸில் நுரையீரலே தழும்பாகிறது, அந்தத் தழும்பை மாத்திரையோ மிஷினோ பம்போ திருப்பாது. காசநோயும் எளிதில் ஒட்டிக்கொள்ளும். எதையும் வாங்காதே, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போய் எக்ஸ்ரேவும் சளிப் பரிசோதனையும் எடு, எத்தனை வருஷம் கல் அறுத்தாய் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல் என்று அனுப்பினேன்.