பயிற்சி வீடியோக்கள்: சொல்லடைவா, எதிர்பார்ப்பு அடைவா?

இன்வெர்ட்டர் பழுதுபார்க்கப் பழகும் இளைஞர்களுக்காகச் சென்னையில் கணினி வழியாகக் கற்கும் ஒரு பயிற்சி தயாரிக்கிறோம். மூத்த டெக்னீஷியன்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லும் வீடியோக்கள்தான் அதற்கு உயிர். அவற்றை அடைவுபடுத்த, அதாவது வேண்டிய நேரத்தில் வேண்டிய வீடியோ கிடைக்கும்படி குறித்துவைக்க, இரண்டு வழிகளைப் பார்த்தோம்.

ஒன்று, பேச்சை எழுத்தாக்கிச் சொல்லை வைத்துத் தேடும் சொல்லடைவு. செலவு குறைவு, வேலை சீக்கிரம் முடியும்.

மற்றது எதிர்பார்ப்பு அடைவு. அது அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ரோஜர் ஷாங்க் நிறுவிய கற்றல் அறிவியல் நிறுவனத்தில் 1990களின் தொடக்கத்தில் வளர்ந்தது. அங்கே ராபின் பர்க் உருவாக்கிய ‘ஸ்பீல்’ என்ற கணினி நிரல், மஞ்சள் பக்கம் எனப்படும் வணிகத் தொலைபேசிக் கையேட்டுக்கு விளம்பரம் விற்கப் பழகுபவர் கேட்காமலே, தக்க தருணத்தில் ஓர் அனுபவசாலியின் கதையை எடுத்துக் காட்டும். யார் எதை எதிர்பார்த்தார், நடந்தது என்ன என்று ஒவ்வொரு கதைக்கும் மனிதரே அடைவு எழுத வேண்டும்.

நாங்கள் எடுத்தது இந்த இரண்டாவது வழியை. புதிதாகக் கற்பவருக்கு எதைத் தேடுவது என்றே தெரியாது. என் முடிவுக்கு அது ஒன்றே போதும்.

வேளச்சேரி அடுக்ககம் ஒன்றில் நடந்ததை ஒரு மூத்தவர் சொல்கிறார். பேச்செல்லாம் மழை, நின்றுபோன லிப்ட், வீட்டுக்காரரின் கோபம். பேட்டரி செத்துவிட்டது என்று உதவியாளர் புதியது வாங்கச் சொல்லியிருக்கிறார். இவர் மூடியைத் திறந்தால் டெர்மினலில் உப்புப் பூத்து, வயர் முனை ஆடிக்கொண்டிருக்கிறது. சுரண்டித் துடைத்து, நட்டை இறுக்கி, வாசலின் தடவியதும் பழையபடி ஓடியது. ‘டெர்மினல்’ என்ற சொல் ஒரே ஒரு முறை வருகிறது. சொல்லடைவு இந்தக் கதையை மழையோடும் லிப்டோடும் சேர்த்துவிடும். எங்கள் அடைவு சொல்வது: “எதிர்பார்த்தது: பேட்டரி தீர்ந்தது. நடந்தது: இணைப்பு தளர்ந்தது.” இணைப்பைப் பார்க்காமலே ‘பேட்டரியை மாற்று’ என்பதைக் கற்பவர் பயிற்சித் திரையில் அழுத்தினால், உடனே இந்த வீடியோ ஓடும். அப்போது கேட்கும் கதைதான் மனதில் தைக்கும்.

உழைப்பு அதிகம்தான். ஒவ்வொரு கதையையும் முழுக்கப் பார்க்க வேண்டும். எதிர்பார்ப்பு எது என்பதில் எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் வரும். ஆனால் எழுதிய அடைவு புது மாடல் வந்தாலும் பழசாவதில்லை. எங்கள் சேகரிப்பு சிறியது. ஆயிரக்கணக்கில் கதைகள் சேர்ந்தாலும் இப்படியே சமாளிக்கலாம் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

சொல்லடைவையும் ஓரமாக வைத்திருக்கிறோம். இன்வெர்ட்டர் திரையில் தெரியும் பிழைக் குறியீட்டோடு வரும் அனுபவசாலிக்கு அதுவே வேகமானது.