செவ்வாய்க்கு இணையம்: டிசிபியா, குவிக்கா, பண்டிலா?

செவ்வாய்க்கு ரேடியோ அலை போய்ச்சேர 3 முதல் 22 நிமிடம் ஆகும். 2023இல் வந்த 6.5க்கு முந்தைய லினக்ஸ் பதிப்புகளில் டிசிபியை (இணையத்தில் தரவைக் கொண்டுபோகும் வழக்கமான நெறிமுறை) அப்படியே விட்டால், இணைப்பு கேட்கும் முதல் 'சின்' பாக்கெட்டை (தரவுத் துண்டு) அனுப்பி 1 நொடி காத்திருக்கும். பதில் வராவிட்டால் 2, 4, 8 என்று இடைவெளியை இரட்டித்து 6 முறை மறுபடி அனுப்பும். 127 நொடியில் கையை விரித்துவிடும். அதற்குள் முதல் 'சின்' செவ்வாயைத் தொட்டே இருக்காது! டைமர்களை நீட்டிப் பார்த்தாலும், ரேடியோ இரைச்சலில் தொலைந்த பாக்கெட்டையும் நெரிசல் என்று நினைத்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நிலவுக்கு ஒருமுறை போய்வர சுமார் 2.6 நொடிதான்; அங்கே டிசிபி சமாளிக்கும்.

டிசிபிக்கு மாற்றாக வந்த புதிய நெறிமுறையான குவிக் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். போய்வரும் நேரத்துக்கு முதலில் 333 மில்லிநொடி என்று கணக்கு வைத்திருக்கும். அதையும், சும்மா கிடந்தால் இணைப்பை அறுக்கும் டைமரையும், இயங்குதளத்தின் மையமான கெர்னலைத் தொடாமல் செயலியிலேயே மாற்றலாம். ஆனால் செவ்வாயைச் சுற்றிவரும் ஆர்பிட்டர் கோளுக்குப் பின்னால் மறைந்துவிட்டால்? சாதாரண ரவுட்டர் அடுத்த வழி தெரியாத பாக்கெட்டைக் கீழே போட்டுவிடும். வழியிலுள்ள ரவுட்டர்களும் பாக்கெட்டைப் பிடித்துவைக்கப் பழகினால்தான் குவிக் உதவும்.

பிடித்துவைப்பதையே தொழிலாகக் கொண்டது பண்டில் நெறிமுறை. ஒவ்வொரு முனையும் பண்டில் எனும் தரவுக் கட்டைச் சேமித்து, தொடர்பு கிடைத்ததும் அடுத்த முனைக்குத் தள்ளும். 2008இல் நாசா, டீப் இம்பாக்ட் விண்கலத்தை இடைமுனையாக வைத்து சுமார் 300 படங்களை இப்படி அனுப்பிப் பார்த்தது. 2024இல் ஏவிய பேஸ் செயற்கைக்கோளில் இது அன்றாட வேலைக்கே வந்துவிட்டது. செவ்வாய்க்கு எங்கள் ஓட்டு இதற்குத்தான். (ஃபைல் மட்டும் அனுப்பினால் போதும் என்றால் விண்கலங்களுக்கான கோப்புப் பரிமாற்ற நெறிமுறையான சிஎஃப்டிபியே தாராளம், ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி அதைத்தான் பயன்படுத்துகிறது.)

சறுக்கும் இடங்கள் பண்டிலிலும் உண்டு. 6ஆம் பதிப்பில் இருந்த 'காஸ்டடி' வசதி (பண்டிலைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை அடுத்த முனை ஏற்பது), 2022இல் வந்த 7ஆம் பதிப்பின் மைய நெறிமுறையில் இல்லை. தொலைந்ததைத் திரும்ப அனுப்பும் பொறுப்பைக் கீழடுக்கில், நீண்ட தாமத இணைப்புகளுக்கான நெறிமுறையான எல்டிபியிடம் கொடுக்க வேண்டும். அதிலும் முக்கியமான தரவைச் சிவப்புப் பகுதியில் வைத்தால்தான் மறு அனுப்புகை நடக்கும், பச்சையில் வைத்தது போனால் போனதுதான். இடைமுனையின் கடிகாரம் முன்னே ஓடினால், ஆயுள் முடிந்தது என்று நல்ல பண்டிலையும் அழித்துவிடும்.

நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் உருவாக்கிய, பண்டில் நெறிமுறையை இயக்கும் அயான் மென்பொருளில் தொடர்பு அட்டவணை (எந்த முனைகள் எப்போது பேசிக்கொள்ளும் என்ற பட்டியல்) எழுதும்போது, வேகத்தை நொடிக்கு எத்தனை பைட் என்று தர வேண்டும். பழக்கதோஷத்தில் பிட் கணக்கில் எழுதினால், இணைப்பு 8 மடங்கு வேகம் என்று நம்பி அளவுக்கு மீறிப் பண்டில்களை அந்த வழிக்கே ஒதுக்கும். அந்தத் தொடர்பு நேரத்துக்குள் அனுப்ப முடியாதவை தேங்கிவிடும். ஒவ்வொரு தொடர்புக்கும் ஒளி போய்ச்சேரும் நொடிகளைச் சொல்லும் 'ரேஞ்ச்' வரியும் கட்டாயம். அது விடுபட்டால் அட்டவணையில் தொடர்பு இருந்தும் அந்த வழியில் ஒரு பண்டிலும் நகராது.