ஒளியைத் திருப்பும் மூலைகள்: கம்பி வளைவா, படிக ஒடிப்பா?

சிலிக்கான் சில்லுக்குள் 1550 நானோமீட்டர் அலைநீள ஒளியைத் திருப்புவதற்குப் பொதுவாக இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, மெல்லிய சிலிக்கான் கம்பியைச் சிறிய ஆரத்தில் வளைப்பது. மற்றது, துளைகளைச் சீராக அடுக்கிய ஃபோட்டானிக் படிகத் தகட்டில் ஒரு வரிசைத் துளைகளை மட்டும் போடாமல் விட்டு, அப்படிக் கிடைக்கும் அலைவழியை மூலையில் ஒடிப்பது. இரண்டிலும் ஒளி வீணாகிறது என்றாலும், வீணாகும் விதம் வேறு.

கம்பிக்குள் ஒளியை நிறுத்தி வைப்பது முழு அக எதிரொளிப்பு. ஆகவே வளைவின் வெளிப்புறத்தில் அலையின் ஓரம் பிடி நழுவிக் கசியும். படிகத்தில், பட்டை இடைவெளிக்குள் (படிகத்தில் ஒளி பரவ முடியாத அதிர்வெண் வரம்பு) வரும் அதிர்வெண்ணுக்குச் சுற்றிலும் எங்கும் இடமில்லை என்பதால், மூலைக்கு வந்த ஒளி ஒன்று முன்னே செல்ல வேண்டும் அல்லது வந்த வழியே திரும்ப வேண்டும். 1996இல் மேக்கிஸ், ஜோன்னோபொலஸ் உள்ளிட்டோர் இந்தக் கருத்தைக் கொண்டு, காற்றில் நிற்கும் மின்கடத்தாத் தண்டுகளின் சதுர அடுக்கில் 90 பாகை மூலையைக் கணித்தபோது, சில அதிர்வெண்களில் ஒளி முழுவதுமாகக் கடப்பதைக் கண்டனர். 1998இல் மில்லிமீட்டர் அலைகளில் அது சோதனையாலும் உறுதியானது. ஆனால் அந்தக் கணக்கு இரு பரிமாணத்துக்கானது. உண்மையான தகட்டில் மேலும் கீழும் ஒளியைக் காப்பது பழைய முழு அக எதிரொளிப்புதான்; மூலையில் அடுக்கின் சீர் முறியும் இடத்தில் ஒரு பங்கு மேல்நோக்கித் தப்பிவிடுகிறது.

முக்கோண அடுக்கில் எதையும் திருத்தாமல் விட்ட 60 பாகை மூலையே மிக மோசமான தேர்வு. நேர்வழியில் வரும் அலையின் வடிவமும் மூலையின் அகன்ற இடத்தில் அமையும் அலையின் வடிவமும் பொருந்துவதில்லை. இரண்டு மூலைகளை அடுத்தடுத்து வைத்தால் இடைப்பட்ட துண்டில் ஒளி முன்னும் பின்னும் மோதுவதால், கடந்து வரும் ஒளியின் நிறமாலை சீப்புப் பல்லைப் போல ஏறி இறங்கும். அளவீட்டில் அந்தப் பற்களைப் பார்த்த மாத்திரத்தில் எதிரொளிப்பு மிகுதி என்று சொல்லிவிடலாம். மூலையில் ஓரிரு துளைகளை நகர்த்துவதோ சிறிதாக்குவதோ நல்ல பலன் தரும், ஆனால் பெரும்பாலும் குறுகிய அலைநீள வரம்புக்குள்தான்.

கையால் நகர்த்துவதை விட்டு, எங்கே சிலிக்கான் இருக்கலாம், எங்கே காற்று இருக்கலாம் என்பதைக் கணினியையே தேடச் செய்வது டோப்பாலஜி உகப்பாக்கம். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2004இல் யென்சன், சிக்முண்ட் முதலானோர் வடிவமைத்த வளைவுகளில் வட்டத் துளைகள் உருக்குலைந்து, எந்த மனிதரும் வரைந்திருக்க மாட்டாத வடிவங்களாக மாறின. அவை அகன்ற பட்டையில் ஒளியைக் கடத்தின. அந்த நுண்ணிய வளைகோடுகளை எலெக்ட்ரான் கற்றையால் பிசகாமல் செதுக்க வேண்டும் என்பதே இதற்கான விலை.

இருவேறு துளை அமைப்புகள் சந்திக்கும் எல்லையில் ஒளியைச் செலுத்தும் பள்ளத்தாக்கு வகை இடவியல் படிகங்களுக்கு இப்போது புகழ் அதிகம். 120 பாகை மூலைகளை எதிரொளிப்பின்றிக் கடப்பதாக 2019 முதல் சோதனைகள் காட்டின. ஆயினும் 2023இல் வெளிவந்த ஓர் அளவீடு, தயாரிப்பில் தவிர்க்க முடியாத சிறு ஒழுங்கீனங்களே கடுமையான பின்சிதறலை உண்டாக்குவதைக் காட்டியது. மூலைக்குக் கிடைக்கும் பாதுகாப்பைக் கரடுமுரடான துளைச்சுவருக்கும் நீட்டிப் பேசுவது தவறு என்றே நான் கருதுகிறேன்.

வெறும் திருப்பம் மட்டுமே தேவை என்றால், என் தேர்வு கம்பிதான். 2004இல் விளாசோவும் மெக்நாபும் அளந்தபடி, 2 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள 90 பாகைத் திருப்பத்தில் இழப்பு 0.013 டெசிபல், அதாவது 0.3 விழுக்காடு, 1 மைக்ரோமீட்டரில்கூட 0.086 டெசிபல்தான். படிக மூலை இதனோடு இடத்தில் போட்டியிடலாம், இழப்பில் போட்டியிடுவது கடினம்.

மெதுஒளிக்காகவோ (ஒளியின் வேகத்தைப் பெரிதும் குறைத்த நிலை), ஒளியைச் சிறு இடத்தில் அடைத்து வைக்கும் ஒத்ததிர்வுக் குழிகளுக்காகவோ ஒளி ஏற்கெனவே படிகத்துக்குள் இருக்கும்போது மட்டும் கணக்கு மாறுகிறது. கம்பிக்கு இறங்கி மீண்டும் ஏறுவதிலேயே இரு இணைப்பிழப்புகள் நேரும். அங்கே உகப்பாக்கிய மூலையே பொருத்தமானது. ஆனால் மெதுஒளி நிலையில் பொருத்தமின்மை பன்மடங்காவதால், மூலைக்கு முன்பே அடுக்கின் இடைவெளியைச் சற்று மாற்றி ஒளியை வேகமான நிலைக்குக் கொண்டுவந்து, திரும்பிய பின் மீண்டும் மெதுவாக்க வேண்டும்.