சூடாக்கும் கருவியா, மைனஸ் 40 திரவமா?

கனடாவின் வின்னிபெக் போன்ற கடுங்குளிர் ஊரில் ஜனவரியில் காரின் முன்கண்ணாடியைக் கழுவ இரண்டு வழிகள்: திரவத்தைச் சூடாக்கித் தெளிக்கும் கருவி, அல்லது மைனஸ் 40 டிகிரி வரை உறையாத, மெத்தனால் (ஒரு வகை ஆல்கஹால்) கலந்த திரவம். என் ஓட்டு இரண்டாவதற்குத்தான்.

சூடான திரவம் பனிப்படலத்தைச் சீக்கிரம் இளக்கும், உண்மைதான். ஆனால் அது மின்சாரத்தில் ஓடும் ஹீட்டர். இதைப் பொருத்திய சுமார் 15 லட்சம் வாகனங்களை, தீப்பிடிக்கும் அபாயம் காரணமாக ஜெனரல் மோட்டார்ஸ் 2010 ஜூனில் திரும்ப அழைத்தது. பழுது பார்த்துத் தரவில்லை. கருவியையே செயலிழக்கச் செய்துவிட்டு, உரிமையாளர்களுக்கு 100 டாலர் கொடுத்தது. தனியாக வாங்கிப் பொருத்துவதானால் ஃபியூஸ் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கருவி இருக்கிறதே என்று தொட்டியில் வெறும் தண்ணீர் ஊற்றாதீர்கள். வண்டியை நிறுத்தியதும் உறைந்து தொட்டியே வெடிக்கலாம். ஆக, குளிர்காலத் திரவம் எப்படியும் வேண்டும்.

மைனஸ் 40 திரவம் மலிவு, பழுதாகவும் ஒன்றுமில்லை. ஆனால் வேகமாக ஓட்டும்போது குளிர்ந்த கண்ணாடியில் தெளித்தால் மெத்தனால் ஆவியாகி, மிஞ்சும் நீர் அங்கேயே உறைந்து பாதையை மறைக்கும். முதலில் கண்ணாடிமேல் சூடான காற்றை வீசும் டிஃப்ராஸ்டரைப் போட்டுக் கண்ணாடியைச் சூடேற்றுங்கள், அப்புறம் தெளியுங்கள். மெத்தனால் கொடிய விஷம். புட்டியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.